ஏழாவது குழாய்

ஆறு குழாய்கள்தான் கட்டியிருந்தார்கள். அதனால் ஏழாவது தடவையும் தன் குரல் காதில் விழுந்தபோது, எண்ணிக்கையில் தான்தான் பிழை விட்டிருக்க வேண்டும் என்று நிஸ்தார் முதலில் நினைத்தான்.

கரை நெடுக எழுபது எண்பது மீற்றருக்கு ஒன்றாகத் தென்னங்குற்றி நட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குழாய் ஒலிபெருக்கியைக் கட்டியிருந்தார்கள். மைக்கில் பேசியதும் ஆறும் ஒரே கணத்தில்தான் பேசுகின்றன. ஆனால் அறிவிப்புக் கொட்டிலில் இருப்பவனுக்கு அவை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வந்து சேரும். தலைக்கு மேலே உள்ள முதலாவது காதைப் பிளக்கும். இரண்டாவது அதை மிதித்துக்கொண்டு வரும். மூன்றாவது, நான்காவது என்று மெலிந்து மெலிந்து, தெற்கே சவுக்கு மரங்களுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆறாவது, பக்கத்து வீட்டில் யாரோ பேசுவதுபோல முடியும். பத்து வருடமாக இந்தக் கடற்கரைக் கோடை விழாவுக்கு அறிவிப்புச் செய்பவன் நிஸ்தார். ஆறாவது ஓய்ந்த பிறகுதான் அடுத்த வசனம் என்பது அவன் நாக்குக்குப் பழகிப்போன கணக்கு.

"கயிறு இழுத்தலுக்குப் பதிந்த கழகங்கள் நடுவரிடம் வரவும்."

வரவும், வரவும் என்று ஆறும் சொல்லி ஓய்ந்தன. அடுத்ததற்கு மூச்சை இழுத்தான். அப்போது நேர் முன்னாலிருந்து, கடல் இருந்த பக்கத்திலிருந்து, ஆறுதலாக இன்னொரு தடவை: வரவும்.

முன்னால் எதுவும் இல்லை. இருபது பாகத் தூரத்துக்கு மணல், பிறகு அலை, பிறகு நீச்சல் போட்டிக்காக மிதக்கவிட்ட சிவப்புப் பீப்பா ஒன்று, அதற்கப்பால் வெறும் தண்ணீர். அது கச்சான் காற்றின் காலம். தேற்றாத்தீவுப் பக்கத்து வயல்வட்டைகளையும் வாவியையும் கடந்து வரும் அந்தக் காய்ந்த காற்று, அறுவடை வைக்கோலின் மணத்தோடு முதுகில் அடித்துக் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கரையில் எழும் சத்தத்தை அது கடலுக்குத்தான் கொண்டுபோகும். கடலிலிருந்து ஒன்றைக் கொண்டுவராது.

"சாமித்தம்பியண்ணன், இன்னும் ஒரு குழாய் எங்கயும் கட்டினீங்களா?"

சவுண்ட் சேர்விஸ் சாமித்தம்பி ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் கதிரையைச் சாய்த்துப் போட்டு இறால் வடை தின்றுகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது. இந்தத் தொழிலுக்கு வருமுன் இதே கரையில் கரைவலை இழுத்தவர்.

"இருக்கிறதே ஆறு. அதில ரெண்டு என்னை விடக் கிழவன்." வடையை மென்றபடி கடலைப் பார்த்தார். "ஏன் நானா?" முஸ்லிம் ஆண்களை அவர் வயது பாராமல் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

"ஆறுக்கு மேல கேக்குது."

"ஒங்கட தொண்டைக்கு அது அந்தமான் மட்டும் போய்த்தான் திரும்பும். பார்த்துப் பேசுங்க. அங்க இருக்கிறவனும் கயிறு இழுக்க வந்து நிக்கப் போறான்."

நிஸ்தார் சிரித்தான். மைக்கில் "ஹலோ" என்று மட்டும் சொல்லிவிட்டு எண்ணினான். ஆறு. காத்திருந்தான். ஒன்றுமில்லை. காற்றுதான் ஏதோ செய்திருக்கிறது என்று விட்டுவிட்டான்.

காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கும் அவனை விழாக் குழு வருடாவருடம் கூப்பிடுவது குரலுக்காகத்தான். பரிசு வாசிப்பதும் பாட்டுக்காரர்களை அழைப்பதும் வீதியோரத்து மேடையில், வேறொருவருடைய வேலை. கரையோரக் கொட்டிலில் இருந்து போட்டிகளின் ஒழுங்கைச் சொல்வதும் காணாமற்போன பிள்ளைகளுக்காக அறிவிப்பதும்தான் நிஸ்தாருக்கு. பாடசாலை விடுமுறை, சனிக்கிழமை, கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்த பஸ்கள், ஏறாவூர் ஓட்டமாவடிக் குடும்பங்கள் பாயும் சாப்பாட்டுச் சட்டியுமாக. ஒரு நாளைக்கு எட்டுப் பத்துப் பிள்ளைகளாவது தொலைவார்கள். கொட்டிலில் அவர்களுக்குக் குளிர்பானம் கொடுத்துக் கொப்பியில் பதிபவள் சுலோஜனா, விழாக் குழுவின் செயலாளர்.

நிஸ்தாரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. தொலைந்த பிள்ளையின் பெயரை அவன் மைக்கில் சொல்லமாட்டான். சட்டையின் நிறம், வயது, ஊர். அவ்வளவுதான். தேடி வருகிறவர் கொட்டிலில் வந்து பெயரைச் சொல்ல வேண்டும். பிள்ளை ஓம் என்று தலையாட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் கையைப் பிடித்துக் கொடுப்பார்கள். பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு எவனும் வந்து உரிமை கொண்டாடலாம் அல்லவா என்று அவன் காரணம் சொல்வான். எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். பிள்ளையைக் கொடுத்ததும் அவன் எப்போதும் ஒரே வாசகத்தை அறிவிப்பான்: "பிள்ளை உரியவர்களிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி." உடனே கரை முழுவதும் கை தட்டும். யார் தொடக்கியதோ தெரியாது, இந்த விழாவின் பழக்கமாகிவிட்டது. பாயில் படுத்திருப்பவர்கூட எழும்பித் தட்டுவார்.

நான்கு மணியளவில் அவன் மனைவி நஸீபா மகளோடு கொட்டிலுக்கு வந்தாள். நுஸ்ராவுக்கு ஆறு வயது. மஞ்சள் சட்டை. கையில் பஞ்சுபோன்ற தும்பு முட்டாசு. காலில் பெருநாளைக்கு வாங்கிய சப்பாத்து. அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் குதியில் சிவப்பு வெளிச்சம் மின்னும். மிதித்தால்தான் மின்னும். தூக்கினால் அணைந்துவிடும். மணலில் அது சரியாக மின்னவில்லை என்று கொட்டிலின் பலகைத் தரையில் ஏறி நின்று தொம் தொம் என்று குதித்தாள்.

"வாப்பா, என்ட பேர மைக்கில சொல்லுங்க."

"நீங்க தொலைஞ்சா போன? இன்னா நிக்கிறீங்கதானே."

"சும்மா ஒருக்கா. நுஸ்ரா எண்டு மட்டும்."

"வேணாம் மகள்."

"எல்லாப் புள்ளைகளையும் கூப்பிடுறீங்க. என்னை மட்டும் கூப்பிடமாட்டீங்க." முட்டாசு ஒட்டிய உதட்டைப் பிதுக்கினாள்.

"வாப்பாக்குக் கிறுக்கு புள்ள," என்றாள் நஸீபா. "வீட்டில பத்துத் தரம் கூப்பிட்டா ஒருக்காத்தான் வாறீங்க. இதில மைக் வேற கேக்குதா?"

தாயின் கையை விடக்கூடாது, தண்ணீர்ப் பக்கம் போகக்கூடாது என்று நிஸ்தார் சொன்னான். தண்ணீர் விஷயத்தில் சொல்லத் தேவையில்லை. அலை காலை நனைத்தால் அழுகிற பிள்ளை அவள்.

அவர்கள் போன பிறகு, மகனைக் காணவில்லை என்று ஓட்டமாவடியிலிருந்து வந்திருந்த ஒரு பெண் பதறிக்கொண்டு வந்தாள். ஏழு வயது, பச்சை ரீசேட். நிஸ்தார் வழக்கம்போல அறிவித்தான். கடைசியில் வழக்கம்போலச் சேர்த்துக்கொண்டான்: "தம்பி, பயப்பட வேண்டாம். இந்தச் சத்தம் கேட்கும் பக்கமாக நடந்து வாருங்கள்."

வாருங்கள். ஆறு தடவை.

ஏழாவது இப்போது தெளிவாக வந்தது. குழாயில் வரும் குரலுக்கு ஒரு தகரக் கரகரப்பு உண்டு. அது இதில் இல்லை. யாரோ தண்ணீருக்குள் நின்றபடி, ஈரமான தொண்டையால், ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்துச் சொல்வது போலிருந்தது. தம்பி. பயப்பட வேண்டாம். அவன் சாமித்தம்பியைப் பார்த்தான். சாமித்தம்பி கதிரையை நிமிர்த்தி வைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் பாதி வடை அப்படியே இருந்தது.

பத்து நிமிடத்தில் பையன் தானே வந்து சேர்ந்தான். இடுப்புக்குக் கீழே தொப்பலாக நனைந்திருந்தான். குளிக்கவேண்டாம் என்று சொல்லித்தானே கூட்டி வந்த என்று அந்தப் பெண் முதுகில் ஒன்று போட்டாள்.

"நான் குளிக்கயில்ல. இவர்தான் கூப்பிட்ட." நிஸ்தாரைக் காட்டினான்.

"நான் இங்க இருந்துதான் கூப்பிட்டன் மகன்," என்றான் நிஸ்தார்.

"இல்ல. அங்கால நிண்டு." அவன் விரல் பீப்பாவுக்கும் அப்பால் நீண்டது. "வாங்க வாங்க எண்டு கூப்பிட்ட. நான் கொஞ்சத் தூரம் வந்த. பொறகு என்ட பேர் என்னெண்டு கேட்டன். பேர் தெரியாத ஆக்களோட போகவேணாமெண்டு உம்மா சொல்லியிரிக்கா. அதுக்கு ஒண்டும் சொல்லயில்ல. நான் திரும்பிட்டன்."

"ஒண்டும் சொல்லயில்லயா?"

"என்னைத்தான் மறுகா மறுகா கேட்ட. பச்சைச் சட்டைத் தம்பி, ஒங்கட பேர் என்ன எண்டு."

சுலோஜனா சிரித்துக்கொண்டே துவாயை எடுத்துக் கொடுத்தாள். "நல்ல கதைகாரன். பேர் என்ன உங்கட?"

பையன் வாயைத் திறக்கவில்லை. தாய்தான் சொன்னாள், இர்ஷாத் என்று. நிஸ்தார் தன் கை தானாகவே மைக்கின் சுவிட்சை அழுத்தி அணைத்திருப்பதைக் கண்டான். ஒப்படைத்த அறிவிப்பைச் சொல்லாமலே விட்டான்.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. இந்தக் கரையில் பொழுது முதுகுப் பக்கமாக, வாவிக்குள் விழும். வாவித் தண்ணீர் செம்பு நிறமாக இருக்கும்போதே கடல் கறுக்க ஆரம்பித்துவிடும். கொட்டிலின் நிழல், தென்னங்குற்றிகளின் நிழல், பட்டம் விடுகிறவர்களின் நிழல் எல்லாம் நீண்டு நீண்டு மணலைக் கடந்து தண்ணீருக்குள் தலையை வைத்திருந்தன.

சாமித்தம்பி எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"கரைவலை இழுக்கிற நாளில ஒண்டு இருந்த நானா. கடலப் பார்த்து நிண்டுகொண்டு ஆரையும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டம். 'ஓய்' எண்டுதான். கூடப்பிறந்தவனையும் 'ஓய்' எண்டுதான்."

"ஏன்?"

"ஏனெண்டு எங்களுக்கு ஆர் சொன்ன? அப்பன்மார் கூப்பிடயில்ல, நாங்களும் கூப்பிடயில்ல. நீங்க பேர் சொல்லாம அறிவிக்கிறதப் பார்த்திட்டு, இந்தச் சோனகருக்கு இது எப்படித் தெரியுமெண்டு நான் முதல் வருசமே யோசிச்சன்."

உண்மையான காரணத்தை நிஸ்தார் யாருக்கும் சொன்னதில்லை. சுனாமி வந்த வருடம் அவனுக்கு இருபத்துநாலு வயது. பள்ளிவாசல் மைக்கில் மூன்று நாள் பெயர் வாசித்தான். வள்ளங்களிலோ மரக்கட்டைகளிலோ யாராவது உயிரோடு தொத்திக்கொண்டு கிடக்கலாம், கேட்டால் கை காட்டுவார்கள் என்று யாரோ சொல்ல, குழாயைக் கடல் பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தார்கள். தாய்மார் துண்டுக் கடதாசியில் பெயரெழுதிக் கொடுப்பார்கள். இன்ன பெயர், இன்ன வயது, எங்கிருந்தாலும் இந்தச் சத்தம் கேட்கும் பக்கமாக வரவும். வாசிப்பான். ஒரு பெயருக்கும் ஆள் வரவில்லை. மூன்றாம் நாள் மாலை குரல் கட்டிப்போனது. கட்டு விட்டபோது அது வேறு குரலாக இருந்தது. கொஞ்சம் தடித்து, கீழிறங்கி. அதற்குப் பிறகு இன்றுவரை அவன் குரல் இதுதான்.

அந்த நினைவு வந்த அதே கணத்தில்தான் அவனுக்கு விளங்கியது. கடலில் இருந்து கேட்ட குரல் இந்தக் குரல் அல்ல. கட்டுவதற்கு முந்தியது. இருபத்துநாலு வயதுக் குரல்.

"இஞ்சாருங்க, நுஸ்ரா இங்க வந்தாளா?"

நஸீபா தனியாக நின்றாள். கையில் ஒரு பொட்டலம், அதற்குள் மூன்று இறால் வடை, எண்ணெய் ஊறிய கடதாசி.

"எங்க விட்ட?"

"விடயில்ல. என்ட அபாயாவைப் பிடிச்சிட்டுத்தான் நிண்டவ. வடையை வாங்கித் திரும்பினா வேறொரு புள்ள பிடிச்சிட்டு நிக்குது." அவள் சிரிக்கப் பார்த்தாள். வாய் கோணியது. "ஆறாவது குழாய்ப் பக்கம். பத்து நிமிசம் தேடிட்டுத்தான் வாறன்."

நிஸ்தாருக்கு முதலில் வந்தது குரல் அல்ல, கணக்கு. ஆறே கால். இன்னும் பதினைந்து நிமிடம் வெளிச்சம் இருக்கும். ஒரு பக்கம் கடல், அதற்கு அவள் பயந்தவள். மறுபக்கம் வீதி, பஸ்கள், அதற்கப்பால் வாவி. அவன் சாமித்தம்பியிடம் குழாய்களை எல்லாம் கரைப் பக்கம் திருப்பச் சொன்னான். சாமித்தம்பி ஏன் என்று கேட்கவில்லை. ஏணியை எடுத்துக்கொண்டு ஓடினார். கடைசிக் குழாய் தென்னந்தோப்பைப் பார்த்துத் திரும்பிய பிறகே நிஸ்தார் மைக்கைப் போட்டான்.

"ஓர் அறிவித்தல். ஆறு வயதுப் பெண் பிள்ளை. மஞ்சள் சட்டை. சிவப்பு வெளிச்சம் மின்னும் சப்பாத்து. காண்பவர்கள் அறிவிப்புக் கொட்டிலுக்கு அழைத்து வரவும்."

வரவும். ஆறு.

காத்திருந்தான். அலை வந்து, மணலை இழுத்துக்கொண்டு போயிற்று. ஏழாவது வரவில்லை.

மறுபடி அறிவித்தான். உயிர்காப்பாளர்கள் இருவர் கரை நெடுக நடந்தார்கள். ஒரு கிழவர் ஒரு மஞ்சள் சட்டைப் பிள்ளையைக் கூட்டி வந்தார். அது வேறு பிள்ளை. இன்னொருவர் இன்னொரு மஞ்சள் சட்டையைக் கொண்டுவந்தார். அதுவும் அழுதது, அதுவும் வேறு. இந்த வருடம் எல்லாக் கடையிலும் மஞ்சள்தான் விற்றது. நிஸ்தாரே ஒரு கட்டு விற்றிருந்தான்.

"பேரச் சொல்லுங்க," என்றாள் நஸீபா.

"பொறுங்க."

"பேரச் சொன்னாத்தானே அவளுக்குத் தெரியும் தன்னைத்தான் தேடுறாங்க எண்டு? ஊரான் புள்ளைக்குச் சட்டம் வச்சீங்க, சரி. இது ஒங்கட புள்ள!" அவள் மேசையில் அடித்தாள். பொட்டலம் விழுந்து வடைகள் மணலில் உருண்டன. "பஸ்ஸில ஏத்திட்டு எவனும் போயிட்டா?"

சுலோஜனாவும் சொன்னாள். "ஓம் நானா. இருட்டுது. பேர் சொல்றதுதான் நல்லம்."

அவன் கடலைப் பார்த்தான். அது வெறும் கடலாக இருந்தது. ஒரு நனைந்த பையன் சொன்ன கதை. காற்றில் வந்த எதிரொலி. இருபது வருடத்துக்கு முந்திய ஒரு தொண்டைக் கட்டு. மறுபக்கத்தில் இருட்டு, பஸ், வாவி. இதில் எது மெய், எது பொய் என்று ஒரு தகப்பன் எவ்வளவு நேரம் நின்று யோசிப்பான்? குழாய்கள் எல்லாம் கரையைத்தானே பார்க்கின்றன.

"நுஸ்ரா," என்றான் மைக்கில். பத்து வருடத்தில் முதல் பெயர். "நுஸ்ரா மகள், வாப்பா கூப்பிடுறன். எங்க நிண்டாலும் வாப்பாட சத்தம் கேக்கிற பக்கம் வாங்க."

வாங்க. வாங்க. வாங்க. வாங்க. வாங்க. வாங்க.

மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஏழாவது இல்லை. அலை. ஜெனரேற்றர். தூரத்து மேடையில் தபேலா.

"அன்னா! அன்னா நிக்கிறா!" சுலோஜனா கையை நீட்டிக் கத்தினாள்.

ஐந்தாவது குழாய்க்குப் பக்கத்தில், சனத்துக்கு நடுவில், ஒரு சிவப்புப் பொட்டு மின்னி அணைந்தது. பிறகு மற்றக் குதி. மஞ்சள் சட்டை. நிஸ்தார் பலகையில் ஏறி நின்று பார்த்தான். அவள்தான். முகத்தை நிமிர்த்திக் குழாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தன் பெயர் மைக்கில் வந்துவிட்டதல்லவா. கொட்டிலை நோக்கி நடக்கத் தொடங்கினாள். நனைந்து இறுகிய மணலில் அந்த வெளிச்சங்கள் இடம் வலம், இடம் வலம் என்று ஒழுங்காக மின்னின.

நஸீபா ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாள். நிஸ்தார் சாமித்தம்பியின் தோளைப் பிடித்தான். இனி ஒரு சத்தமும் வேண்டாம். ஒன்றும் திரும்பி வரக்கூடாது. "அண்ணன், எல்லாத்தையும் நிப்பாட்டுங்க. ஜெனரேற்றரையும்."

சாமித்தம்பி நிறுத்தினார். ஆறு குழாயும் ஒரு தடவை முனகி அடங்கின. கரையோர வெளிச்சங்கள் அணைந்தன. சனம் "ஓ" என்று இரைந்து, பிறகு அடங்கியது.

அலை மட்டும்.

"நுஸ்ரா மகள்."

கடலிலிருந்து. அன்பாக. எந்தக் கரகரப்பும் இல்லாத, இளமையான, அவனுடைய குரலில்.

"வாப்பா இங்க நிக்கிறன். சத்தம் கேக்கிற பக்கம் வாங்க."

சிவப்பு வெளிச்சம் நின்றது. அங்கே, இருநூறு மீற்றருக்கு அப்பால், அந்த மஞ்சள் சட்டை திரும்பியது.

"நுஸ்ரா!" நிஸ்தார் கத்தினான். மைக்கைப் பிடித்துக் கத்தினான். மைக் செத்துக் கிடந்தது. "போடுங்க அண்ணன்! போடுங்க!" சாமித்தம்பி கயிற்றை இழுத்தார். ஜெனரேற்றர் இருமியது. மறுபடி இழுத்தார். இருமியது.

நிஸ்தார் குதித்து ஓடினான்.

மணல் காலை விடவில்லை. சனம் வழியில் நின்றது. இருட்டில் கயிறு இழுக்கும் வடம் குறுக்கே கிடந்து அவனை முகம் குப்புற வீழ்த்தியது. எழுந்தான். வாய் நிறைய மணல். "பிடிங்க! அந்தப் புள்ளையைப் பிடிங்க!" என்று கத்தினான். ஆனால் அது அவனுக்கே கேட்கவில்லை. கடலிலிருந்த குரல் அவ்வளவு பெரிதாக, அவ்வளவு அமைதியாக, கரை முழுவதையும் நிரப்பிக்கொண்டிருந்தது. பயப்பட வேண்டாம் மகள். மெல்ல மெல்ல வாங்க. இன்னும் கொஞ்சம்.

யாரும் பதறவில்லை. அதுதான். கொஞ்சம் இளமையாகத் தொனித்தாலும் அவர்களுக்கு அது பத்து வருடம் கேட்டுப் பழகிய குரல். அறிவிப்பாளர் தன் பிள்ளையைக் கூப்பிடுகிறார். பாய்களில் இருந்தவர்கள் புன்னகைத்தார்கள். ஒரு பெண் அந்தச் சின்னப் பிள்ளைக்கு வழி விட்டு விலகி நிற்பதை அவன் கண்டான்.

நுஸ்ரா அலையில் கால் வைத்தாள். அழவில்லை.

முழங்கால். இடுப்பு. ஒரு கையை மேலே உயர்த்தினாள். உயரமான ஒருவரின் விரலைப் பிடிக்கும்போது பிள்ளைகள் உயர்த்துவதுபோல. கை அப்படியே நின்றது. பிடித்துக்கொண்டுவிட்டாள்.

நஸீபா எங்கோ வீரிட்டாள். உயிர்காப்பாளர்கள் இருவரும் தண்ணீரை நோக்கித் திரும்பி ஓடத் தொடங்கியதை நிஸ்தார் கண்டான். இரண்டு பேர். இளம் ஆட்கள். எட்டிப் பிடித்துவிடுவார்கள்.

"ஓர் அறிவித்தல்," என்றது கடல்.

உயிர்காப்பாளர்கள் நின்றார்கள்.

"மஞ்சள் சட்டைப் பிள்ளை உரியவர்களிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி."

ஒருவன் மற்றவனைப் பார்த்தான். தோளைத் தளர்த்தினான்.

"பொய்!" என்றான் நிஸ்தார். "அது நானில்ல! அது நானில்ல!" தொண்டை கிழிந்தது. வெறும் காற்று வந்தது. அவன் தண்ணீருக்குள் விழுந்தான், எழுந்தான். நெஞ்சு மட்டத் தண்ணீர் அவனைத் திருப்பிக் கரைக்குத் தள்ளியது. மறுபடி போனான். மறுபடி தள்ளியது.

முன்னால் மஞ்சள் இல்லை. தலை இல்லை. கை இல்லை.

கீழே மட்டும் இருந்தது. கறுத்த தண்ணீருக்கு அடியில், பீப்பாவுக்கு அப்பால், ஆழத்தில், ஒரு சிவப்பு வெளிச்சம் மின்னி அணைந்தது. பிறகு மற்றது. இடம். வலம். அவசரமில்லாமல், பழகிய கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பிள்ளையின் அடிகள்போல, ஒரே ஒழுங்கில், இன்னும் கீழே, இன்னும் தூரமாக.

அவனுக்குப் பின்னால், கரை நெடுக, இருட்டில், சனம் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தது.